மேஸ்திரி கடல் பார்த்த நாள்

கடல் என்று யாராவது சொன்னால் எனக்கு அலைச் சத்தம் நினைவுக்கு வருவதில்லை. நனைந்த நாயின் வாடைதான் முதலில் மூக்கில் ஏறுகிறது. ஈரச் சாக்கும் புளித்த மோரும் கலந்த மாதிரி ஒரு வாடை, அதற்குள் கொஞ்சம் மீன், கொஞ்சம் கரி. மீன் கடற்கரையில் சேர்ந்தது. கரி ஊரிலிருந்தே வந்தது. ஏனென்றால் அந்த நாய் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பவுண்டரியில் பிறந்து, இரும்பை உருக்கி ஊற்றுவதற்காகக் குவித்து வைத்திருக்கும் கறுப்பு மண்ணில் புரண்டு வளர்ந்தது. எத்தனை சோப்பு போட்டாலும் அதன் வயிற்றிலிருந்து கறுப்புத் தண்ணீர்தான் வழியும்.

என் அப்பா அந்தப் பவுண்டரியில் மோல்டர். பம்புசெட்டு பாகங்களுக்கு மண்ணில் அச்சுப் பிடிப்பது அவர் வேலை. ஆட்கள் வரிசையாகக் குந்தி மண்ணை இடித்துக்கொண்டிருக்கும்போது ஒரு குட்டிநாய் ஒவ்வொருவர் பின்னாலும் போய் நின்று, எட்டிப் பார்த்து, அடுத்த ஆளிடம் போகுமாம். அதனால் அங்கிருந்தவர்கள் அதற்கு 'மேஸ்திரி' என்று பேர் வைத்தார்கள். ஒருநாள் அது அப்பாவின் சைக்கிளுக்குப் பின்னால் ஓடியே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. அப்பா யாரையும் ஒருமையில் பேசாதவர், பள்ளிக்கூடம் போகும் என்னையே 'வாங்க கண்ணு' என்பவர். நாயிடமும் அவருக்கு அதே மரியாதைதான். "மேஸ்திரி, சாப்டாச்சுங்களா? சித்த நவுந்து உக்காருங்க" என்பார். மேஸ்திரியும் நகர்ந்து உட்காரும்.

அப்பாவின் மரியாதையைப் பற்றி இன்னும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், பிறகு நடந்ததெல்லாம் அதிலிருந்துதான் முளைத்தது. எங்கள் வீட்டில் உள்ள எதையாவது ஒருவர் பார்த்து நன்றாக இருக்கிறது என்றாலோ, இது யாருடையது என்று கேட்டாலோ, அப்பா உடனே "உங்களுதுதானுங்க, எடுத்துட்டுப் போங்க" என்பார். கேட்டவர் சிரித்துக்கொண்டே, "இங்கயே இருக்கட்டுங்க, வேணுங்கறப்ப வந்து வாங்கிக்கறேன்" என்பார். அவ்வளவுதான், பொருள் இருந்த இடத்திலேயே இருக்கும், இரண்டு பேருக்கும் மனசு நிறைந்துவிடும். இப்படி அப்பா எங்கள் சைக்கிளை, முருங்கை மரத்தை, சுவர்க் கடிகாரத்தை எல்லாம் ஊராருக்குக் கொடுத்திருக்கிறார். அன்னூரிலிருந்து வந்த ஒரு பெரியவர் என் தலையைத் தடவி "இந்தப் புள்ள யாருதுங்க?" என்று கேட்டபோது "உங்க புள்ளதானுங்க" என்று என்னையும் கொடுத்தார். சின்ன வயதில் என்னை நூறு பேருக்காவது கொடுத்திருப்பார். நூறு பேரும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். "கையில இல்லாதவன் வாயிலயாச்சும் தாராளமாக் குடுக்கோணும்" என்பது அவர் வழக்கமாகச் சொல்லும் சொல். அம்மா இதைக் கேட்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடையில் மேஸ்திரிக்கு ஒரு சங்கடம் வந்தது. நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்கார அம்மா கோழி வளர்த்தார். எங்கள் பக்கத்தில் வீட்டைக் காலி செய்யச் சொல்வதென்றாலும் 'சாப்டீங்களா' என்றுதான் தொடங்குவார்கள். அந்த அம்மாவும் அப்படித்தான் தொடங்கி, "நாயி தங்கமான நாயிதானுங்க, கொறை சொல்ல முடியாது. கோழிதான் பாருங்க, வாரத்துக்கு ஒண்ணு கொறையுதுங்க" என்று முடித்தார். அன்றைக்கு அடுப்படியில் அம்மா அப்பாவிடம், "போற எடத்துல எங்காச்சும் நல்ல ஊடாப் பாத்து உட்டுப்போட்டு வந்தரலாமுங்க" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அப்பா "பாக்கலாம்" என்றார். எதைப் பார்க்கலாம், யாரை விடலாம் என்று எனக்குப் புரியவில்லை. புரியாததைக் கேட்கவும் பயமாக இருந்தது.

போற இடம் என்பது சென்னை. அம்மாவின் தங்கை, என் சித்தி, கல்யாணமாகிக் கொட்டிவாக்கத்தில் இருந்தாள். வீட்டு மொட்டை மாடியில் நின்றால் கடல் தெரியும் என்று அவள் நான்கு வருடமாகக் கடிதத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். பம்புசெட்டு ஏற்றிக்கொண்டு போகும் லாரி ஒன்றில், டிரைவர் பழக்கம் என்பதால், நாங்கள் மூன்று பேரும் முன்னால் ஏறிக்கொண்டோம். மேஸ்திரி பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் பம்புகளோடு பம்பாகப் படுத்து வந்தது. நாயை ஏன் கூட்டிப் போகிறோம் என்று கேட்டதற்கு, "கடலு பாக்கோணும்னுச்சு" என்றார் அப்பா.

சித்தி வீட்டுக்கு வந்து சேர்ந்த மறுநாள் விடிந்ததும் கடற்கரைக்குப் போனோம். சித்தப்பாவுக்கு வேலை நாள். சித்தி சமையலில் இருந்தாள். அதனால் நாங்கள் நான்கு பேர்தான், மேஸ்திரியையும் சேர்த்து. தெருமுனையில் திரும்பியதும் வீடுகள் முடிந்து வானம் தரைவரை இறங்கியிருந்தது. மேஸ்திரி அப்படியே நின்றுவிட்டது. எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் தொட்டியில் கிடக்கும், வாய்க்காலில் ஒரு பக்கமாகப் போகும். இது எழுந்து நின்று எங்களை நோக்கி வந்தது. மேஸ்திரி உறுமியது, முன்னால் ஓடியது, அலை வந்ததும் வாலை ஒடுக்கிக்கொண்டு பின்னால் ஓடியது, அலை திரும்பியதும் தான்தான் அதைத் துரத்திவிட்டதாக நினைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய்க் குரைத்தது. அடுத்த அலையும் வந்தது. ஒரு மணி நேரம் அது இந்தச் சோலியாகவே இருந்தது. கடைசியில் இது தீராத வழக்கு என்று தெரிந்துகொண்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்துப் பார்த்தது. குடித்துவிட்டு எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஏதோ நாங்கள்தான் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து உப்பைக் கொட்டிக் கலக்கினோம் என்பது போல.

எனக்கும் ஏறக்குறைய அதே நிலைதான். இவ்வளவு தண்ணீரை வைத்துக்கொண்டு ஒருவர்கூட ஏன் ஒரு குடம் எடுத்துப் போகவில்லை என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா சேலையை முழங்காலுக்கு ஏற்றிக்கொண்டு, கண்ணை மூடி நின்றாள். அலை வந்து காலை நனைக்கும்போதெல்லாம் "ஐயோ" என்று சிரித்தாள். அம்மா அப்படிச் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. அப்பா கடலைப் பார்க்கவே இல்லை, மணலைத்தான் பார்த்தார். ஒரு கை அள்ளி, வாயில் இருந்த எச்சிலைத் துளி விட்டு, பவுண்டரியில் செய்வது போல இறுக்கிப் பிடித்துத் திறந்தார். மணல் உதிர்ந்தது. ஈர மணலை அள்ளிப் பிடித்தார். கொஞ்சம் நின்று, காய்ந்ததும் உதிர்ந்தது. "இத்தன மண்ணு கெடக்குது, ஒரு அச்சுக்கு ஆகாதுங் கண்ணு. ஒட்டிப் புடிக்கறதுக்குக் களி இல்ல" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார்.

பிறகு நண்டுகள் கிடைத்தன. மணலில் ஒரு பொத்துக்குள் போய் இன்னொரு பொத்து வழியாக வெளியே வரும் குட்டி நண்டுகளை மேஸ்திரி தோண்டித் தோண்டித் தேடியது. முன்னங்கால் இரண்டாலும் அது வாரி எறிந்த மணல் பின்னால் உட்கார்ந்திருந்த என் மடியில் குவிந்தது. நான் அதில் பவுண்டரி கட்டினேன். கட்டுமரத்துக்குப் பக்கத்தில் வலையை உதறிக்கொண்டிருந்த ஒருவர் ஒரு சின்ன மீனை மேஸ்திரிக்கு எறிந்தார்; அது அதை உணவு என்று எடுத்துக்கொள்வதா, எதிரி என்று எடுத்துக்கொள்வதா என்று முடிவுக்கு வர நெடுநேரம் ஆயிற்று. நாங்கள் சித்தி கட்டிக்கொடுத்த இட்லியைத் தின்றோம். என் வாழ்க்கையில் மிகச் சந்தோஷமான காலை எது என்று கேட்டால் இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன், ஏறக்குறைய ஒன்பது மணி வரைக்கும்.

ஒன்பது மணிக்கு அவர்கள் வந்தார்கள். காலை நடைக்கு வந்த கணவனும் மனைவியும், அறுபது வயதை ஒட்டியவர்கள். அவர் வெள்ளைத் தொப்பி போட்டிருந்தார். அந்த அம்மா சுடிதாருக்குக் கீழே கேன்வாஸ் ஷூ போட்டிருந்தது எனக்கு வேடிக்கையாக இருந்தது. கையில் பிஸ்கட் பொட்டலம் வைத்துக்கொண்டு அந்த அம்மா கடற்கரை நாய்களுக்குப் போட்டுக்கொண்டே வந்தார். மேஸ்திரியிடம் வந்ததும் நின்றுவிட்டார். மண்டியிட்டு உட்கார்ந்து அதன் காதைத் தடவினார். மேஸ்திரி பிஸ்கட்டைத் தின்றுவிட்டு, எங்கள் வீட்டில் யாருக்கும் செய்யாத மரியாதையாக, அவர் மடியில் தாடையை வைத்துக்கொண்டது.

"யாரோட நாய்ங்க இது? ரொம்ப அழகா இருக்கே" என்றார் அந்த அம்மா.

அப்பா வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்து, "உங்களுதுதானுங்கம்மா" என்றார்.

"என்னது?"

"உங்களுதுதானுங்க. புடிச்சிருந்தா கூட்டீட்டுப் போங்க."

அந்த அம்மா கணவரைப் பார்த்தார். கணவர் அப்பாவைப் பார்த்தார். "நிஜமாவா சொல்றீங்க?"

"பின்ன என்னங்க" என்று சிரித்தார் அப்பா. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். அடுத்து வரவேண்டிய பதிலுக்காகக் காத்திருக்கும் சிரிப்பு.

பதில் வரவில்லை. அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர்கள் வளர்த்த நாய் செத்து ஆறு மாதம்தான் ஆகிறது என்றும், இனிமேல் நாயே வேண்டாம் என்றிருந்ததாகவும், இது தானாக வந்து மடியில் தலை வைத்ததும் தன்னால் முடியவில்லை என்றும் சொன்னார். கணவர் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இரண்டாவது தெருவில் நீலக் கேட் போட்ட வீடு, எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்றார். பிஸ்கட் பொட்டலம் முன்னால் போக, மேஸ்திரி பின்னால் போனது. ஒருமுறை திரும்பிப் பார்த்தது. நாங்கள் நின்ற இடத்திலேயே நின்றதால், எல்லாம் எங்கள் சம்மதத்தோடுதான் நடக்கிறது என்று நினைத்திருக்கும்.

"ஏனுங்க, கூட்டீட்டே போறாங்கங்க!" என்றாள் அம்மா.

"இருங்க, சொல்லுவாங்க" என்றார் அப்பா. தெருமுனை வரைக்கும் அவர் அந்தப் பதிலை எதிர்பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். அவர்கள் திரும்பி மறைந்த பிறகும் சிரிப்பு அவர் முகத்தில் பாதி நின்றிருந்தது. எனக்கு அழுகை உடனே வரவில்லை. ஒரு விஷயம் நடந்துவிட்டதா, இன்னும் நடந்துகொண்டிருக்கிறதா என்றே தெரியாதபோது எதற்காக அழுவது? அதைவிட, அடுப்படியில் அம்மா சொன்ன 'நல்ல ஊடாப் பாத்து' என்ற பேச்சு அப்போதுதான் மண்டையில் ஏறியது. அப்பா மரியாதைக்குச் சொன்னாரா, இதற்காகவேதான் மேஸ்திரியை இவ்வளவு தூரம் கூட்டிவந்தாரா?

சித்தி வீட்டுக்கு வந்ததும் விஷயத்தைக் கேட்ட சித்தி தலையில் கைவைத்துக்கொண்டாள். "மாமா, இங்க வந்து யாராச்சும் அப்படிச் சொல்லுவாங்களா? இந்த ஊருக்காரங்க குடுத்தா வாங்கிக்குவாங்க. போன வருசம் நான் வெங்கலக் குண்டாவை அப்பிடித்தான் எதிர்வூட்டுக்குக் குடுத்துட்டு நிக்கறேன்" என்றாள். அப்பா சாப்பிடவில்லை. "குடுத்தாச்சு. குடுத்ததப் போயி எப்பிடிக் கேக்கறது" என்றார். நான் அப்போதுதான் அழ ஆரம்பித்தேன், மத்தியானம் முழுக்க அழுதேன். எனக்குப் பெரிய ஆச்சரியம் அம்மாதான். எங்காவது விட்டுவிட்டு வரலாம் என்று சொன்ன அதே அம்மா, முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு, "போயிக் கூட்டியாங்க. இல்லீன்னா நான் ஊருக்கு வரலீங்க. இங்கயே தங்கச்சி ஊட்டுல இருந்துக்கறேன்" என்றாள். பெரியவர்களுக்கு என்னதான் வேண்டும் என்பது அன்றைக்கு எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை.

நான்கு மணிக்கு அப்பாவும் நானும் நீலக் கேட் வீட்டுக்குப் போனோம். அந்த அம்மா முகம் மலர்ந்து, "வாங்க வாங்க, பாப்பா பாக்கணும்னு சொல்லியிருப்பா, தெரியும்" என்று உள்ளே கூப்பிட்டார். மேஸ்திரி கூடத்தில் ஃபேனுக்கு அடியில் ஒரு பாயில் படுத்திருந்தது. குளிப்பாட்டியிருந்தார்கள். கறுப்பு வயிறு சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது. கழுத்தில் சிவப்புப் பட்டை. அது முன்பிருந்த நாயுடையது என்று சுவரில் மாட்டியிருந்த போட்டோவைப் பார்த்ததும் தெரிந்தது. பக்கத்தில் கிண்ணத்தில் தயிர்சாதம். "ராஜான்னு பேர் வெச்சிருக்கோம்" என்றார். என்னைப் பார்த்ததும் மேஸ்திரி வாலை இரண்டு தட்டுத் தட்டியது. ஆனால் எழுந்திருக்கவில்லை. அது எனக்கு எவ்வளவு வலித்தது என்று இன்றைக்கும் சொல்ல வரவில்லை.

காப்பி வந்தது. அப்பா சாப்டீங்களா என்று கேட்டார். வெயில் அதிகம் என்றார். பவுண்டரியைப் பற்றிச் சொன்னார். கடற்கரை மண்ணில் களி இல்லை என்றார். எல்லாவற்றையும் பேசினார், நாயைத் தவிர. அவர் கேட்கமாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கேட்க அவருக்கு வாயே இல்லை. அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. பத்து வயது மூளைக்கு அதைவிடச் சரியான யோசனை இருக்க முடியாது. ஒருவர் பொருளை நாம் பாராட்டினால் அவர் என்ன சொல்ல வேண்டும்? 'உங்களுதுதான், எடுத்துட்டுப் போங்க' என்று சொல்ல வேண்டும். நாங்கள் வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டு போய்விட்டால் தீர்ந்தது.

நான், "உங்க நாயி ரொம்ப நல்லாருக்குதுங்க" என்றேன்.

"தேங்க்ஸ்டா செல்லம்! அழகா இருக்கான் இல்ல?" என்றார் அந்த அம்மா.

அவர் காதில் சரியாக விழவில்லை போலும் என்று நினைத்து, இன்னும் சத்தமாக, "இது யாருதுங்க?" என்றேன்.

"எங்களோடதுதான். உன்னோட அப்பாதான் குடுத்தாரு" என்றார்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் என்ன செய்ய முயன்றேன் என்று அந்த வீட்டில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். டம்ளரைக் கீழே வைத்தார். "அம்மா, தப்பா நெனைக்காதீங்க. நாயி எங்களுதுங்க" என்றார்.

எங்களுது. அந்த ஒரு சொல்லை அப்பா வாயால் நான் கேட்டதே இல்லை. அந்த அம்மாவுக்கு விளங்கவில்லை. "எங்களுதுன்னா? காலைல நீங்கதானே கூட்டிட்டுப் போங்கன்னு சொன்னீங்க?"

"ஆமாங்க. நாந்தான் சொன்னேனுங்க."

"அப்ப மனசில்லாம சொன்னீங்களா?"

"மனசோடதானுங்க சொன்னேன்."

"பின்ன?"

அப்பா திருதிருவென்று விழித்தார். "எங்கூர்ல அப்படித்தானுங்க சொல்லுவோம். நீங்க வேண்டாமுன்னு சொல்லுவீங்க" என்றார். தொப்பியைக் கழற்றி வைத்திருந்த கணவர், கோபமில்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியவராக, "வேண்டாம்னு சொல்லுவோம்னு தெரிஞ்சா எதுக்குக் குடுக்கறீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு ஒரு பதிலை நான் இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

அந்த அம்மாதான் எழுந்தார். மேஸ்திரியின் பக்கத்தில் உட்கார்ந்து கழுத்துப் பட்டையின் கொக்கியைக் கழற்றினார். அவசரமே இல்லாமல் கழற்றினார். போட்டோவுக்குக் கீழே ஆணியில் மாட்டினார். "பாப்பா அழுதிருக்கா பாவம், கண்ணெல்லாம் வீங்கியிருக்கு. கூட்டிட்டுப் போங்க" என்றார். மேஸ்திரி அப்போதும் எழவில்லை. நான் கூப்பிட்டேன், என்னைப் பார்த்தது, கிண்ணத்தைப் பார்த்தது, ஃபேனைப் பார்த்தது. அப்பா மெதுவாக, "மேஸ்திரி, போலாமுங்களா?" என்றார். உடனே எழுந்து, உடம்பை ஒரு சிலுப்புச் சிலுப்பிக்கொண்டு வந்து அவர் காலடியில் நின்றது. கேட் வரைக்கும் வந்த அந்த அம்மா, "அவன் பேரு மேஸ்திரியா? காலைலேர்ந்து ராஜா ராஜான்னு கூப்பிட்டுட்டு இருந்தேனே" என்றார்.

கடலோரமாகவே நடந்து வந்தோம். மேஸ்திரி மறுபடியும் அலையோடு வழக்காடப் போய் நனைந்து, குளித்த குளிப்பெல்லாம் வீணாகி, பழைய வாடைக்கு வந்தது. நான் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். எனக்கு ஒரே சந்தோஷம். அப்பா எங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார். சித்தி வீட்டுத் தெரு வந்ததும், "சொல்லீருக்கக் கூடாதுங் கண்ணு" என்றார். எதைச் சொல்லியிருக்கக் கூடாது? காலையில் சொன்னதையா, சாயங்காலம் சொன்னதையா? நான் கேட்கவில்லை. நாய் கிடைத்துவிட்ட பெண்ணுக்கு அது முக்கியமாகவும் படவில்லை.

ஊருக்குத் திரும்பிய மாதமே, கோழி இல்லாத ஒரு வீடாகப் பார்த்துக் குடிபோனோம். பழைய வீட்டுக்கார அம்மாவிடம் அப்பா என்ன சொன்னார் என்று தெரியாது. மேஸ்திரி அதற்குப் பிறகு எட்டு வருடம் இருந்தது. அம்மா அதைத் திட்டிக்கொண்டே சோறு போட்டாள், அது செத்தபோது இரண்டு நாள் சாப்பிடவில்லை. இதெல்லாம் சரிதான். ஆனால் அந்தக் கோடைக்குப் பிறகு, அப்பா யாரிடமும் 'உங்களுதுதானுங்க' என்று சொல்லி நான் கேட்கவில்லை. இது எனக்கு உடனே தெரிந்துவிடவில்லை. கல்லூரி படிக்கும்போது ஒருநாள், வீட்டுக்கு வந்த ஒருவர் புதிதாக வாங்கிய பீரோவைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றார். அப்பா "ஆமாங்க" என்று மட்டும் சொன்னார். வந்தவர் இன்னும் எதையோ எதிர்பார்ப்பது போல ஒரு கணம் நின்றார். அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. நாயை நான் மீட்டுக்கொண்டு வந்தேன். அப்பாவிடமிருந்து எதையோ அந்த நீலக் கேட் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

இப்போது நாங்கள் எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே, சரவணம்பட்டியில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம், ஒன்பதாவது மாடி. அம்மா போய் மூன்று வருடம் ஆகிறது. அப்பா என்னோடுதான் இருக்கிறார். அவர் வேலை பார்த்த பவுண்டரி இருந்த இடத்தில் கார் ஷோரூம் நிற்கிறது. ஒருமுறை அவரிடம் நேராகவே கேட்டுவிட்டேன், அன்றைக்கு மேஸ்திரியை மரியாதைக்குக் கொடுத்தீர்களா, விட்டுவிட்டு வர வேண்டும் என்றே கொடுத்தீர்களா என்று. "எந்த நாயிங் கண்ணு?" என்றார். மறந்துவிட்டாரா, மறந்தது போல இருக்கிறாரா, அதுவும் தெரியவில்லை.

போன வாரம் அப்பாவும் நானும் என் நான்கு வயது மகளும் லிஃப்டில் ஏறினோம். எங்களோடு ஏறிய, ஐந்தாவது மாடிக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு பெண், குழந்தையின் கன்னத்தைத் தட்டி, "சோ க்யூட்! யாரு பாப்பா இது?" என்றாள். "உங்க பாப்பாதானுங்க, கூட்டீட்டுப் போங்க" என்று சொன்னது நான்தான். எனக்கே திக்கென்றது, எத்தனையோ வருடம் எனக்குள் எங்கே கிடந்ததோ அந்தச் சொல். அந்தப் பெண் என்ன சொல்வதென்று தெரியாமல் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு போனைப் பார்த்துக்கொண்டாள். ஐந்தாவது மாடியில் இறங்கிப் போனாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அந்தக் கேள்விக்கு அப்படி ஒரு பதிலும், அந்தப் பதிலுக்கு இன்னொரு பதிலும் உண்டு என்பது இந்த ஊரிலேயே இப்போது எத்தனை பேருக்குத் தெரியும்?

கதவு மூடியது. மூலையில் சாய்ந்து நின்றிருந்த அப்பா, மூடிய கதவைப் பார்த்தபடி, "இங்கயே இருக்கட்டுங்க, வேணுங்கறப்ப வந்து வாங்கிக்கறேன்" என்றார்.

நான் சட்டென்று திரும்பினேன். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. என்னைக் கேலி செய்தாரா, அன்றைக்குக் கிடைக்காத பதிலை இன்றைக்குத் தானே சொல்லிப் பார்த்துக்கொண்டாரா, வயதானவரின் நாக்கு பழக்கத்தில் தானாகப் புரண்டதா, எனக்குப் பிடிபடவில்லை. ஒன்பதாவது மாடி வந்ததும் மகளின் கையைப் பிடித்திருக்கிறேனா என்று அவசரமாகக் குனிந்து பார்த்தேன். பிடித்திருந்தேன். அவளுடைய இன்னொரு கையை அப்பா பிடித்திருந்தார், என்னைவிட இறுக்கமாக.